சாலைக்கு அந்தப் பக்கத்துப் பொறிவண்டுகள்

வயிற்றில் கட்டி, அறுத்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும், பன்னிரண்டு நாள் படுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, சின்னவள் தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்து, "என் தோட்டத்தை யாரு பாத்துக்குவாங்க?" என்றாள்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றாள் பெரியவள்.

"நீ பாத்துக்குவேன்னுதான் பயமா இருக்கு."

டாக்டரே சிரித்துவிட்டார்.

அப்பா விட்டுப்போன பெர்ரித் தோட்டத்தை நடுவே ஓடும் சாலை இரண்டாகப் பிரித்திருந்தது. இந்தப் பக்கம் பெரியவளுடையது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்தையே கட்டிக்கொண்டாள் என்று ஊரில் சொல்வார்கள். முப்பது வருஷமாகக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அந்தந்தத் தேதியில் மருந்தடித்து, இலையில் ஒரு ஓட்டை விழாமல் வளர்த்தவள். அந்தப் பக்கம் சின்னவளுடையது. புருஷன் போன பிறகு, பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் ஆறு வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்தாள். வந்த கையோடு தன் பாதியில் மருந்தை நிறுத்தினாள். இனி இயற்கை முறைதான் என்றாள்.

முதல் இரண்டு வருஷம் அவள் தோட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இலையெல்லாம் சுருண்டு, பழமெல்லாம் சூம்பி, பெரியவளுக்குச் சாலையைக் கடந்து போகவே கூச்சமாக இருந்தது. மூன்றாம் வருஷம் பொறிவண்டுகள் வந்தன. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த, சட்டைப் பொத்தானில் பாதிகூட இல்லாத வண்டுகள். எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளை அவை உட்கார்ந்த இடத்திலேயே தின்று தீர்த்தன. இலை விரிந்தது. பழம் திரண்டது. சின்னவளுக்கு முகமே மாறிப்போனது.

பிறகு கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மருந்தடிக்கிற தோட்டத்திலும் அடிக்காத தோட்டத்திலும் பொறிவண்டு எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி. இரண்டும் ஒரே சாலையின் இரு பக்கமும் கிடைத்ததில் அவளுக்குப் பெரிய சந்தோஷம். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவாள். செடிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கிளையைக் குச்சியால் மூன்று தட்டுத் தட்டி, விழுவதை எண்ணுவாள். அவளுக்குப் பூச்சி டீச்சர் என்று பெரியவள்தான் பெயர் வைத்தாள். அந்தப் பக்கத்துத் துணியில் நாற்பது, ஐம்பது விழும். இந்தப் பக்கத்துத் துணியில் ஒன்றோ இரண்டோ, பல நாள் ஒன்றுமே இல்லை.

"என் பக்கம் வர்றதுக்கு அதுகளுக்கு விசா கிடைக்கலை போல" என்பாள் பெரியவள்.

"வந்தா உயிரோட திரும்ப முடியாதுன்னு அதுகளுக்கும் தெரிஞ்சிருக்கு" என்பாள் சின்னவள்.

இப்படித்தான் இருவரும் வாயடித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், சின்னவள் செருப்பைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்துவிடுவாள். அக்கா போடுகிற காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு தம்ளர் குடிப்பாள். உலகத்தில் ஒருத்திக்கு ஒருத்திதான் என்பது இருவருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இருவருக்குமே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று சின்னவள் சாவியைக் கொடுத்துவிட்டு, "தண்ணி மட்டும் விடு. வேற ஒண்ணும் பண்ணாதே. நீ ஒண்ணும் பண்ணாம இருந்தா அதுவே பெரிய உதவி" என்றாள்.

"சரிடி தாயே" என்றாள் பெரியவள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுநாளே காய்ச்சல் கண்டது. கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாயோடு கிடந்த தங்கையைப் பார்த்து வந்த இரவு பெரியவள் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. விடிந்ததும் தண்ணீர் விட அந்தப் பக்கம் போனாள்.

இரண்டாவது வரிசையிலேயே கால் நின்றுவிட்டது.

துளிர் முழுக்க அசுவினி. பச்சைத் தண்டே தெரியாதபடி மொய்த்துக் கிடந்தது. இலைகள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. போதாததற்கு, அவள் முப்பது வருஷத்தில் பார்த்தே இராத ஒரு புழு. கறுப்பு நிறம், முதுகெல்லாம் முள், இரண்டு பக்கமும் ஆரஞ்சுத் திட்டு, ஆறு கால். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஒரு செடிக்கு இருபது, முப்பது. வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தாள். எங்கும் அதே.

உடம்பு தேறி வருகிறவள் முதலில் இதையா பார்க்க வேண்டும்? ஆறு வருஷப் பாடு. இன்னும் ஒரு வாரம் விட்டால் துளிர் கருகும், பிஞ்சு உதிரும். பூச்சி டீச்சரைக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஃபோனைக் கையில் எடுத்தும் விட்டாள். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லுவாள் என்று தெரிந்திருந்ததால், ஃபோனைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள். பின்னாளில் இந்த ஒரு கணத்தைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள்.

டிராக்டர்காரரைக் கூப்பிட்டனுப்பினாள். மருந்து அடிக்க என்றதும் வழக்கம்போல இந்தப் பக்கம் திரும்பினவர், அவள் கை நீட்டிய திசையைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"சின்னம்மா தோட்டத்துக்கா? அவங்க மருந்து வாடையே ஆகாதும்பாங்களே அம்மா."

"செடி செத்துப்போனா மட்டும் ஆகுமா? ஓட்டுங்க."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை…"

"அவ மூக்குல குழாயோட படுத்துக்கிடக்கா. நான் அவளுக்கு மூத்தவ. நான் சொல்றேன், ஓட்டுங்க."

இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது துளிர்கள் கழுவி விட்டதுபோல் இருந்தன. ஒரு அசுவினி இல்லை, ஒரு முள்புழு இல்லை. பெரியவளுக்கு நெஞ்சு நிறைந்தது. தங்கை முதலில் குதிப்பாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அப்புறம் பழத்தைப் பார்த்ததும் தானாக வழிக்கு வருவாள் என்று நினைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. எல்லாம் ஒன்றுபோல் கூடி வருகிறது என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை பூச்சி டீச்சர் வந்தாள்.

பெரியவள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் துணியை விரித்தாள், தட்டினாள், குனிந்தாள். எழுந்து அடுத்த செடிக்குப் போய்த் தட்டினாள். பிறகு துணியைக் கையில் பிடித்தபடியே அடுத்த வரிசைக்கு ஓடினாள். அதற்கும் அடுத்த வரிசைக்கு. பிறகு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவள் கிட்டே போனாள். வெள்ளைத் துணியில் கறுப்பாக, சுருண்டு, சருகுபோல் காய்ந்து கிடந்தன அந்த முள்புழுக்கள். நடுவில் நாலைந்து சிவப்பு வண்டுகள், கால்கள் மேலே பார்த்தபடி.

"பெரியக்கா, இதை என்னன்னு நினைச்சீங்க?"

"புழு. பூச்சி. துளிரையெல்லாம்…"

"இதுதான் பொறிவண்டோட குஞ்சு."

பெரியவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "அது சிவப்பா உருண்டையா இருக்குமே" என்றாள்.

"அது வளர்ந்த பிறகு. பொறந்ததும் இப்படித்தான் இருக்கும். அசுவினியைத் தின்னத்தான் இத்தனை வந்திருக்கு. பெரிய வண்டைவிட இதுங்கதான் அதிகமாத் தின்னும். இன்னும் பத்து நாள் விட்டிருந்தா அசுவினியும் தீர்ந்திருக்கும், இதெல்லாம் வண்டாவும் ஆகியிருக்கும். இத்தனை குஞ்சு நான் எந்தத் தோட்டத்திலயும் பாத்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை பரீட்சைன்னு வராம இருந்துட்டேன். வந்திருந்தா…" தன் வயசுக்கு அழக்கூடாது என்று டீச்சர் நினைத்திருப்பாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முப்பது வருஷத்தில் தன் தோட்டத்தில் அந்தக் குஞ்சை ஏன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பார்க்கிற அளவுக்கு அதை அவள் வளரவே விட்டதில்லை.

"இயற்கைத் தோட்டம்னு சின்னக்காவுக்குக் குடுத்த சீட்டும் போயிடும்" என்றாள் டீச்சர் மெதுவாக. "மறுபடி முதல்லேர்ந்து மூணு வருஷம் காத்திருக்கணும். சின்னக்காகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் செஞ்சது. நானே சொல்றேன்."

சொல்லத்தான் போனாள். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தபோது சின்னவள் முதல்முறையாகத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழாயை எடுத்திருந்தார்கள். வாரிவிட்ட தலையும் வெளுத்த முகமுமாக, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட சிறுமிபோல் இருந்தாள்.

"அக்கா, வா வா. உன்கிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மயக்க மருந்து குடுக்கறப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஐயோ, அக்காகிட்ட சொல்லலையேன்னு வாயைத் திறக்கறேன், அதுக்குள்ள கண்ணைச் சொருகிடுச்சு."

"என்னடி?"

"கறுப்பா, முள்ளு முள்ளா ஒரு புழு வரும். பாத்தா முதலைக்குட்டி மாதிரி இருக்கும். பயந்துடாதே, அதுதான் நம்ம வண்டோட குஞ்சு. இந்த வருஷம் நிறைய முட்டை வெச்சிருந்துச்சு. வந்துடுச்சா?"

சேர்த்து வைத்த வார்த்தைகளெல்லாம் எங்கே போயினவோ. தங்கையின் கையில் ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது. பெரியவள் அதையே பார்த்துக்கொண்டு, "வந்திருக்கு" என்றாள்.

"நிறையவா?"

"நிறைய."

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். "சரி, இனி எனக்குக் கவலையில்லை. அந்த சூப்பை எடு, குடிக்கிறேன்."

நாளைக்குச் சொல்லலாம், இன்று கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று நினைத்தாள் பெரியவள். மறுநாள் உள்ளே காலை வைக்கும்போதே சின்னவள் கேட்டாள், "இன்னைக்கு எவ்வளவு பெருசு ஆயிருக்கு?" அதற்கு மறுநாள், "இலைக்கு அடியில ஒட்டிக்கிட்டு அசையாம இருக்கா? கூடு கட்ட ஆரம்பிச்சிடுச்சா?" பெரியவளுக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியாது. அதனால் தங்கையின் வீட்டைத் திறந்து, மேஜையில் இருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துப் படித்தாள். போன வருஷம் எந்தத் தேதியில் முட்டை, எந்தத் தேதியில் குஞ்சு, எத்தனை தடவை தோல் உரித்தது, கூட்டுக்குள் எத்தனை நாள், வெளியே வந்த வண்டு முதலில் மஞ்சளாக இருந்து எத்தனை மணி நேரத்தில் சிவப்பாகும் என்று தங்கை ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். ஓரிடத்தில், 'அக்காவுக்குக் காட்டணும்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

காலையில் நோட்டைப் படித்துவிட்டு, மத்தியானம் போய் வாய் கூசாமல் சொன்னாள். "நாலாவது வரிசையில ரெண்டு கூடு கட்டியாச்சு." "வேலி ஓரத்துச் செடியில முதுகு வெடிச்சு ஒண்ணு வெளியில வந்திருக்கு, இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு." சின்னவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, கதை கேட்கிற குழந்தைபோல் கேட்டாள். ஒரு நாள் அறைக்கு வெளியே நர்ஸம்மா பெரியவளை நிறுத்தி, "நீங்க வந்துட்டுப் போனாத்தாம்மா அவங்க ஒரு வாய் சாப்பிடறாங்க. அப்படி என்னதான் பேசுவீங்க?" என்று கேட்டாள். பெரியவள் படியிறங்கி, வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்தப் பொய்களைச் சொல்லச் சொல்ல, பொறிவண்டு எப்படிப் பிறந்து எப்படி வளரும் என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. தங்கை ஆறு வருஷமாகச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. சின்னவள் முன்சீட்டில், வயிற்றின்மேல் தலையணையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னாள். காற்று முகத்தில் அடிக்க, "நேரா தோட்டத்துக்குப் போ, வீட்டுக்கு அப்புறம் போலாம்" என்றாள். தோட்டத்துக்குத் திரும்புகிற முனைக்கு நூறடி முன்னால் பெரியவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"என்னக்கா, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?"

பெரியவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முன்கண்ணாடியைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். அசுவினியைப் பார்த்தது, புழுவைப் பார்த்துப் பயந்தது, டீச்சரைக் கேட்காமல் ஃபோனைச் செருகிக்கொண்டது, டிராக்டர்காரர் தயங்கியது, அவரை அதட்டியது. எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

ஒரு லாரி அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"எத்தனாந்தேதி அடிச்சே?"

சொன்னாள்.

"அப்போ நான் கேட்டதுக்கெல்லாம் சொன்னியே… நாலாவது வரிசைக் கூடு? வேலி ஓரத்துல மஞ்சளா வந்தது?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மருந்தடிச்சது தெரியாம செஞ்சே" என்றாள் சின்னவள். குரல் உயரவில்லை. "எனக்காகத்தான் செஞ்சிருப்பே, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா இத்தனை நாள் என் மூஞ்சியைப் பாத்துப் பாத்துச் சொன்னியே, அது தெரிஞ்சு செஞ்சது. நான் சிரிக்கச் சிரிக்கப் பாத்துக்கிட்டு இருந்திருக்கே."

"நீ அப்பத்தான் பொழைச்சு வந்தே. எனக்கு வேற வழி தெரியலைடி."

சின்னவள் கதவைத் திறந்து இறங்கினாள். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, சாலையோரமாகவே ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துத் தோட்டத்துக்கு நடந்தாள். பெரியவள் வண்டியை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். கேட்டை எட்டியதும் சின்னவள் திரும்பினாள்.

"நீங்க வர வேண்டாம்" என்றாள்.

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்கு அறுபது வயசு. பேசத் தெரிந்த நாளிலிருந்து தங்கை அவளை நீ, வா, போ என்றுதான் சொல்லியிருக்கிறாள். கோபத்தில் அதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறாள். 'நீங்க' என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மாறவே இல்லை.

ஒரு மாதத்தில் அசுவினி திரும்ப வந்தது. தின்ன ஆளில்லாததால் முன்னைவிடப் பல மடங்கு. சின்னவள் தையல் காய்ந்தும் காயாமலும் சோப்புத் தண்ணீரும் பஞ்சுமாக ஒவ்வொரு துளிராகத் துடைத்தாள். பெரியவள் தன் ஆட்களில் நாலு பேரை அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். "அவங்களுக்கு நன்றி சொல்லுங்க, நானே பாத்துக்கறேன்னாங்கம்மா" என்றார் அவர்களில் ஒருவர். அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் கூடைக்கு வந்தது பாதிக்குப் பாதிகூட இல்லை. சீட்டு போனதால் அதையும் மற்ற பழத்தோடு பழமாகக் கொட்டித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

சாயங்காலங்களில் பெரியவள் பழக்கதோஷத்தில் இரண்டு தம்ளர் காப்பி கூடுதலாகப் போட்டுவிடுவாள். பிறகு அதைத் தொட்டியில் கொட்டுவாள். ஒரு நாள் கொட்ட மனசில்லாமல், தம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டு சாலையைக் கடந்தாள். சின்னவள் கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"

"என்னை மன்னிச்சுடுடி."

"அப்பவே மன்னிச்சாச்சு. அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

"அப்புறம் ஏன் 'நீங்க நீங்க'ன்னு கொல்றே? நாலு அடி அடி. வாயில வந்ததைச் சொல்லித் திட்டு. பழைய மாதிரி பேசு."

சின்னவள் காப்பியை ஒரு வாய் குடித்தாள். கசப்பு என்று சொல்லவில்லை, சர்க்கரை போதாது என்றும் சொல்லவில்லை. மீதியையும் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நானும் முயற்சி பண்ணிப் பாத்தேன். வர மாட்டேங்குது. நான் என்ன பண்றது, சொல்லுங்க."

அவள் கண்ணில் நீர் நின்றது. வேண்டுமென்று செய்யவில்லை என்பது அப்போதுதான் பெரியவளுக்கு விளங்கியது. வீம்பு என்றால் ஒரு நாள் உடையும் என்று இத்தனை மாதம் காத்திருந்தாள். இது வீம்பு இல்லை. தங்கையாலேயே சரிசெய்ய முடியாத ஏதோ ஒன்று அவளுக்குள் அறுந்து போயிருந்தது. காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு பெரியவள் வீடு திரும்பினாள்.

அந்தக் குளிர்காலம் முடிந்ததும் அவள் காலண்டரில் வட்டம் போடுவதை நிறுத்தினாள். முழுத் தோட்டத்துக்கும் துணிவு வரவில்லை. சாலையோரம் பத்து வரிசையை மட்டும் மருந்தடிக்காமல் விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. டிராக்டர்காரர் மட்டும் கேட்டார், "இந்தப் பத்தும் விட்டுப்போச்சேம்மா?" "போகட்டும்" என்றாள். இலைகள் சுருண்டபோது கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு நரகமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறு வருஷத்துக்கும் மறு வருஷம், வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தப் பக்கத்திலிருந்து சின்னவளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி அறைக்குப் பிறகு பெரியவள் அதைக் கேட்கவே இல்லை. வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். டீச்சரும் சின்னவளும் வெள்ளைத் துணியின் இரு பக்கமும் முழங்காலிட்டு, தலையோடு தலை முட்டிக்கொள்ளாத குறையாகக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். "அது ரெண்டு தடவை எண்ணியாச்சு சின்னக்கா!" "இல்லடி, அது வேற, இது வேற!"

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் இந்தப் பக்கம் வந்தாள். எப்போதும் உள்வரிசைகளில் தட்டுகிறவள், அன்று சாலையோரச் செடிக்குக் கீழே துணியை விரித்து மூன்று தட்டுத் தட்டினாள். பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள். விழுந்தவை ஒன்பது வண்டுகள். அவற்றோடு கறுப்பாக, முள்ளு முள்ளாக ஒரு குஞ்சு. அது துணியின் ஓரத்தை நோக்கி அவசரமாக ஊர்ந்தது. பெரியவள் விரலை நீட்டி அதை ஏறவிட்டு, இலையில் கொண்டுபோய்ப் பதமாக இறக்கிவிட்டாள்.

"பெரியக்கா, எனக்கே தெரியாதே! எப்போலேர்ந்து இங்க மருந்தடிக்கலை? சின்னக்காவுக்குத் தெரியுமா?"

"நீயே சொல்லு" என்றாள் பெரியவள். "ஒன்பதுன்னு சொல்லு. குஞ்சும் இருக்குன்னு சொல்லு. பொய்யில்லை, நீயே எண்ணினேன்னு சொல்லு."

டீச்சர் ஓடினாள். வேலிக்கு அப்பால் இருவரும் பேசுவது தெரிந்தது. சின்னவள் நிமிர்ந்து சாலைக்கு இந்தப் பக்கம் பார்த்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பெரியவள் கையை உயர்த்தலாமா வேண்டாமா என்று புரியாமல், பாதி உயர்த்தி, முந்தானையைச் சரிசெய்வதுபோல் இறக்கிக்கொண்டாள்.

டீச்சர் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னா?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாங்க பெரியக்கா. 'அவங்க பாவம், தனியா நின்னு இவ்வளவும் பண்ணியிருக்காங்க. உடம்பைப் பாத்துக்கச் சொல்லு'ன்னாங்க."

இன்னும் 'அவங்க'தான். பெரியவள் தலையை ஆட்டினாள். டீச்சர் அடுத்த செடியடியில் துணியை விரிக்கப் போனாள்.